காட்டுப்பன்னியை சுட்டா பிரச்சனை தீருமா? வேட்டைக் கொள்கையை அடில இருந்து புரிஞ்சுக்கலாம்

போன கார்த்திகையில எங்க மாமா தோட்டத்துக்கு போயிருந்தேன், சத்தியமங்கலம் பக்கம், காட்டோரத்துல இருந்து ஒரு நாலு கிலோமீட்டர் இருக்கும். காலைல ஆறு மணிக்கு அவரோட மக்காச்சோளத்துக்குள்ள நடந்து போனா, வெளிய இருந்து பாக்க பச்சைப்பசேல்னு நல்லாத்தான் நிக்குது, உள்ள நாலு வரிசை தள்ளிப் போனா வட்டம் வட்டமா தட்டு சாஞ்சு கிடக்குது. பால் புடிச்ச கதிரை தோகையோட உரிச்சு பாதி கடிச்சு மீதியை துப்பிட்டு அடுத்ததுக்கு போயிருக்கு. ஈர மண்ணுல ரெண்டு குளம்பு அச்சு, அதுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன குத்து. போர் தண்ணி ஓடுற வாய்க்கா ஓரத்துல பொரண்டு எந்திரிச்ச ஒரு குழி, அதுல முள்ளு மாதிரி ரெண்டு மூணு முடி. மாமா அதுல ஒண்ணை எடுத்து விரல்ல உருட்டிக்கிட்டே "ஒரே ராத்திரி மாப்ள, கால் ஏக்கரா போச்சு"ன்னார். குரல்ல கோவம்கூட இல்ல, ரெண்டு மாசமா ராத்திரி தூங்காத மனுசன் குரல் அது.

அன்னைக்கு டீக்கடைல இதைப் பத்தி பேச்சு வந்தப்போ எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், சுடறதுக்கு ஆர்டர் குடுத்தா ஒரே வருசத்துல தீந்துரும்னு. இதையே சென்னைல இருக்குற பிரெண்ட்ஸ்கிட்ட சொன்னா அவங்க சொல்றதும் ஒண்ணுதான், காட்டை நாமதான் புடிச்சுக்கிட்டோம், அது எங்க போகும், அதை கொல்றது பாவம்னு. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, சுடலாமா கூடாதான்னு. வனவிலங்கு மேலாண்மைன்னு ஒரு படிப்பே இருக்கு, அதுல இந்தக் கேள்வி ரொம்ப கடைசியாத்தான் வரும். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது நிறைய இருக்கு. நான் ஃபாரஸ்ட் ஆபீசரும் இல்ல, விஞ்ஞானியும் இல்ல, மாமா தோட்டத்தைப் பாத்த பிறகு தேடித்தேடிப் படிச்சு புரிஞ்சுக்கிட்டதை, இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு புரியற மாதிரி சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படை விசயம். ஒரு இடத்துல எத்தனை மிருகம் இருக்கும்ங்கறதை தீர்மானிக்கிறது அந்த இடத்துல கிடைக்கிற தீனி, தண்ணி, ஒளிஞ்சுக்க எடம் இந்த மூணும்தான். இதை தாங்குதிறன்னு சொல்வாங்க. ஒரு கிணத்துல ஊத்து எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணி நிக்கும், நாலு குடம் இறைச்சா மறுபடி ஊறி அதே மட்டத்துக்கு வந்துரும், அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. பன்னி விசயத்துல அந்த ஊத்தை பெருசாக்கினது யாருன்னு பாத்தா நாமதான். எங்க அப்பாரு காலத்துல அந்தப் பக்கம் சோளம், ராகி, கொள்ளு, எள்ளு இப்படித்தான் வெள்ளாமை. இப்ப பாதிக்கு மேல மக்காச்சோளம், காரணம் நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைங்களுக்கு தீவனம் வேணும், வெலையும் கெடைக்குது. மக்காச்சோளமும் கரும்பும் பன்னிக்கு சாப்பாடு மட்டும் இல்ல, வீடும் அதுதான், ஆள் உயரத்துக்கு மேல நிக்குற பயிருக்குள்ள பகல்ல படுத்திருந்தா யார் கண்ணுக்கும் தெரியாது. அதோட சீமைக்கருவேலம் சேந்துக்கிச்சு. ஓடை, கொளம், தரிசு எல்லாத்துலயும் அது பொதராட்டம் மண்டிக் கிடக்குது, பன்னி குட்டி போட அதை விட பாதுகாப்பான எடம் இல்ல. விருதுநகர், தூத்துக்குடி பக்கமெல்லாம் பெரிய காட்டுக்கு சம்பந்தமே இல்லாத கரிசல் பூமில பன்னித் தொல்லை இருக்குன்னா அது மலையில இருந்து எறங்கி வந்த பன்னி இல்ல, அங்கயே ஓடைக்குள்ள பொறந்து வளர்ந்த பன்னி. "காட்டை புடிச்சுக்கிட்டோம் அதனால வருது"ங்கற பதில் இந்தப் பன்னிக்கு பொருந்தாது.

ரெண்டாவது, எந்த மிருகம்ங்கறது. யானை 22 மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு நாலஞ்சு வருசம் ஆகும். ஒரு யானை செத்தா அந்த எடத்தை நிரப்ப ஒரு தலைமுறையே வேணும். பன்னி அப்படி இல்ல, நாலு மாசத்துக்கும் கொறைவா, ஏறக்குறைய 115 நாள்தான் சினை, ஒரு ஈத்துக்கு நாலு, அஞ்சு, ஆறு குட்டி, நல்ல தீனி இருந்தா பொட்டைக்குட்டி ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே பருவத்துக்கு வந்துரும். இந்த ரெண்டு மிருகத்துக்கும் ஒரே கொள்கை வெக்க முடியாது. யானைக்கு ஒவ்வொரு உயிரும் கணக்கு, பன்னிக்கு மொத்தக் கூட்டத்தோட பெருக்கம்தான் கணக்கு.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம், இது நெஜ சர்வே நம்பர் இல்ல, புரியறதுக்கு நானா வெச்சுக்கிட்டது. ஒரு பகுதியில 100 பன்னி, அதுல ஈனக்கூடிய பொட்டை 40. ஒவ்வொண்ணுக்கும் பொழைச்சு வளர்ற குட்டி மூணுன்னு வெச்சா வருசத்துக்கு 120 புதுசு. நோய், பட்டினி, சிறுத்தைன்னு தானா சாகறது 40. வருசக் கடைசில 180. திரும்ப 100க்கு கொண்டு வரணும்னா 80 பன்னியை எடுக்கணும், அதுவும் ஒவ்வொரு வருசமும். யாராவது போய் 20 பன்னி சுட்டு போட்டோ எடுத்து போட்டா அது பாக்க பெரிய வேட்டையாத் தெரியும், அடுத்த வருசம் தோட்டத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது.

இன்னும் மோசம், அந்த 20 முழுசா 20 இல்ல. இங்கதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த ஒரு விசயம் வருது. கோடைல தண்ணி வத்தி தீனி கொறையும்போது சில குட்டிங்க எப்படியும் செத்திருக்கும். அதுக்கு முன்னாடி நாம சிலதை சுட்டுட்டோம்னா மிச்சம் இருக்குறதுக்கு தீனி தாராளமா கிடைக்கும், சாக வேண்டியது பொழைச்சுக்கும். அதாவது நாம கொன்னது, இயற்கை கொல்ல வேண்டியதை ஈடுகட்டிருச்சு, அவ்வளவுதான். இதை ஈடுகட்டும் சாவுன்னு சொல்லலாம். இதுக்கு எதிர்ப்பக்கம் கூடுதல் சாவு, அதாவது எப்படியும் பொழைச்சிருக்கக்கூடிய ஒண்ணை கொன்னா மொத்த எண்ணிக்கையில நெஜமாவே ஒண்ணு கொறையும். ஒரு வேட்டைக் கொள்கை பலன் தருமா தராதான்னு பாக்கறவங்க முதல்ல கேக்கறது, சாகற உயிர் இதுல எந்த வகைங்கறதைத்தான்.

பிரான்ஸ்ல ஒரு காட்டுல பல வருசமா பன்னியை புடிச்சு அடையாளம் போட்டு கவனிச்சிருக்காங்க, வேட்டை கடுமையா நடக்குற காடு அது. அங்க என்ன ஆச்சுன்னா வேட்டையால பன்னி அழியல, சின்ன வயசுலயே குட்டி போட ஆரம்பிச்சிருச்சு, குட்டி பொறக்குற தேதியே முன்னாடி நகந்துருச்சு. ஜெர்மனில லைசென்ஸ் வாங்கின வேட்டைக்காரங்க லட்சக்கணக்குல இருக்காங்க, 2019-20 சீசன்ல மட்டும் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல காட்டுப்பன்னியை சுட்டிருக்காங்க, அங்க பன்னி இன்னும் இருக்கு, அவங்க மக்காச்சோளத்துலயும் பூந்துக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம டீக்கடைல சொல்ற மாதிரி ஒரே வருசத்துல தீரணும்னா அங்க எப்பவோ தீந்திருக்கணும்.

சரி, எதைச் சுடுறோம்ங்கறதும் முக்கியம். வேட்டைக்கு போறவன் கண்ணு தானா பெரிய கொம்பன் மேலதான் போகும், தந்தம் நீட்டிக்கிட்டு தனியா திரியற ஆண் பன்னி. ஆனா ஒரு ஆண் பன்னி பல பொட்டையோட சேரும், பத்து ஆணை சுட்டாலும் மிச்சம் இருக்குற ரெண்டு ஆண் போதும், அடுத்த வருசம் அதே அளவு குட்டி வரும். எண்ணிக்கை கொறையணும்னா ஈனற பொட்டையைத்தான் எடுக்கணும், இதுதான் கணக்கு சொல்றது. ஆனா அந்தப் பொட்டைக்குப் பின்னாடி வரி வரியா உடம்புல கோடு போட்ட குட்டிங்க அஞ்சு நிக்கும், தாயை சுட்டா அதுங்க பசில சாகும். கணக்கு ஒரு பக்கம் இழுக்கும், மனசு இன்னொரு பக்கம் இழுக்கும். இந்த எடத்துல அறிவியல் மட்டும் பதில் சொல்லாது, இதை யாரும் மறைக்கவும் கூடாதுன்னு நினைக்கிறேன். சுடணும்னு முடிவு பண்றவங்க இந்தக் குட்டிங்களையும் சேத்து முடிவு பண்ணணும், குட்டி பாலை மறக்காத மாசங்கள்ல சுடறதை நிறுத்தி வெக்கறதுக்குத்தான் பல நாட்டு சட்டங்கள்ல சீசன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க.

அப்புறம் எப்படி எடுக்கறோம்ங்கறது. பொட்டைப் பன்னியும் குட்டிங்களும் கூட்டமாத்தான் வாழும், மூத்த பொட்டைதான் கூட்டத்தை நடத்தும். அந்தக் கூட்டத்துல ஒண்ணு ரெண்டை சுட்டா மீதி செதறி ஓடும், அடுத்த நாள்ல இருந்து உஷாராயிரும், அது வரைக்கும் ஒரு தோட்டத்துல இருந்த தொல்லை நாலு தோட்டத்துக்கு பரவும். அமெரிக்காவுல ஊரு விட்டு ஊரு கொண்டு வந்து பெருகிப்போன பன்னிங்களை ஒழிக்கப் பாத்தவங்க இதை அனுபவத்துல கத்துக்கிட்டாங்க. கன்சாஸ் மாநிலம் 2006ல பன்னியை விளையாட்டுக்கு வேட்டையாடுறதையே தடை பண்ணுச்சு, மிசோரி மாநிலம் 2016ல தன்னோட கன்சர்வேஷன் (வன உயிர் பாதுகாப்பு) நிலங்கள்ல பன்னி வேட்டையை நிறுத்துச்சு. படிக்கும்போது தலைகீழா தெரியுதுல்ல, பன்னி ஜாஸ்தின்னு வேட்டையை நிறுத்துறாங்க. காரணம் ரெண்டு. ஒண்ணு, மேல சொன்ன மாதிரி கூட்டம் செதறிப்போறது. ரெண்டு, வேட்டை ருசி கண்டவங்க புது எடத்துல பன்னியை கொண்டு போய் விட ஆரம்பிச்சாங்க. அதுக்கு பதிலா பெரிய பட்டி மாதிரி கூண்டு கட்டி, பல நாள் தீனி போட்டு பழக்கி, மொத்தக் கூட்டமும் உள்ள வந்த பிறகு ஒரே நேரத்துல கதவை அடைக்கிறாங்க. இதை அப்படியே இங்க காப்பி அடிக்க முடியாது. அங்க பன்னி வெளிய இருந்து வந்தது, அதை துடைச்சு எடுக்கணும்ங்கறதுதான் அவங்க நோக்கம். இங்க பன்னி இந்த மண்ணோட மிருகம், புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது சாப்பாடு. காட்டுக்குள்ள பன்னி கொறைஞ்சா சிறுத்தை ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும்தான் வரும். நமக்கு வேண்டியது ஒழிப்பு இல்ல, வெள்ளாமைல இருந்து விலக்கி நிறுத்துறது.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம், இதுல நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு. 1972ல வந்த வனவிலங்கு பாதுகாப்பு சட்டம்தான் நாடு முழுசுக்கும். ஆரம்பத்துல அதுல லைசென்ஸ் வாங்கி சில மிருகங்களை வேட்டையாட எடம் இருந்துச்சு, 1991 திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க, அதுல இருந்து பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவுல எடமே இல்ல. ஆனா ரெண்டு சன்னல் திறந்திருக்கு. ஒண்ணு 11ஆவது பிரிவு, ஒரு மிருகம் மனுச உயிருக்கோ வெள்ளாமைக்கோ ஆபத்தா இருந்தா மாநிலத்தோட தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துல அனுமதி குடுக்கலாம். புலி, யானை மாதிரி முதல் அட்டவணை மிருகமா (அட்டவணைன்னா சட்டத்துல மிருகங்களை பிரிச்சு வெச்சிருக்குற பட்டியல், முதல் அட்டவணைக்குத்தான் பாதுகாப்பு ரொம்ப கடுமை) இருந்தா வெள்ளாமை நாசம்ங்கற காரணம் செல்லாது, மனுச உயிருக்கு ஆபத்துன்னோ, தேறவே முடியாத நோய், ஊனம்னோ இருக்கணும், புடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேற எடத்துக்கு மாத்தவோ முடியலன்னு உறுதி ஆகணும். இன்னொரு சன்னல் 62ஆவது பிரிவு, மத்திய அரசு ஒரு மிருகத்தை ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு தொல்லை விலங்குன்னு அறிவிக்கலாம், அறிவிச்சா அந்த எடத்துல அந்தக் காலத்துல அதுக்கு பாதுகாப்பு கெடையாது. காட்டுப்பன்னி முன்னாடி மூணாவது அட்டவணைல இருந்துச்சு, 2022 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டாவதுல இருக்கு.

அந்த 62ஆவது பிரிவை வெச்சு நடந்ததுதான் பீகார் கதை. 2015 டிசம்பர்ல பீகார்ல சில மாவட்டங்களுக்கு நீலகாயையும் (அது ஒரு பெரிய மான் வகை) காட்டுப்பன்னியையும் தொல்லை விலங்குன்னு அறிவிச்சாங்க. 2016ல மொகாமா பக்கம் வெளியூர்ல இருந்து துப்பாக்கிக்காரங்களை வரவழைச்சு சில நாள்ல 200க்கு மேல நீலகாயை சுட்டுத் தள்ளினாங்க. அப்ப மத்திய அமைச்சரா இருந்த மேனகா காந்தி தன்னோட அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் அமைச்சகத்தையே வெளிப்படையா கண்டிச்சாங்க, பெரிய சண்டையாச்சு. அதே வருசம் இமாச்சலப் பிரதேசத்துல குரங்கை தொல்லை விலங்குன்னு அறிவிச்சாங்க, அங்க கதை வேற, அனுமதி இருந்தும் ஜனங்க பெருசா சுடல, குரங்கு அவங்களுக்கு அனுமார். காகிதத்துல இருக்குற கொள்கை ஊர் மனசோட ஒத்துப்போகலன்னா அது காகிதத்துலயே கிடக்கும்.

கேரளா வேற வழி எடுத்துச்சு. காட்டுப்பன்னியை தொல்லை விலங்குன்னு அறிவிக்கச் சொல்லி மத்திய அரசுகிட்ட கேட்டாங்க, கெடைக்கல. 2022ல பஞ்சாயத்து தலைவர், நகராட்சித் தலைவர் மாதிரி உள்ளாட்சி ஆளுங்களுக்கே அந்த 11ஆவது பிரிவு அனுமதி அதிகாரத்தை பகிர்ந்து குடுத்தாங்க, லைசென்ஸ் துப்பாக்கி இருக்குறவங்களை வெச்சு சுடலாம், சுட்ட பன்னியை கறி ஆக்கக்கூடாது, பொதைக்கணும். தமிழ்நாட்டுல 2025 ஜனவரில வந்த உத்தரவு தூரத்தை வெச்சு பிரிக்குது. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடறதே கெடையாது. 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வெச்சு புடிச்சு காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு வெளிய தான் சுடலாம், அதுவும் விவசாயி சுட முடியாது, வனத்துறை ஆளுங்கதான்.

இந்த 3 கிலோமீட்டர் கோடு எனக்கு யோசனையான கோடாத்தான் தெரியுது. காட்டை ஒட்டி இருக்குற பன்னி புலி, சிறுத்தையோட பங்கு, அங்க ராத்திரில துப்பாக்கியோட நடமாடுனா எந்த மிருகம் சாகும்னும் சொல்ல முடியாது. தள்ளி ஓடைக்குள்ள வாழ்ற பன்னியை கட்டுப்படுத்த அங்க பெரிய கொன்னுதின்னி எதுவும் இல்ல. ஆனா நடுவுல இருக்குற அந்த புடிச்சு விடற பகுதி பத்தி எனக்கு கவலை இருக்கு. புடிச்ச பன்னியை கொண்டு போய் விடற காட்டுல ஏற்கனவே பன்னி இருக்கு, அங்கயும் தாங்குதிறன்னு ஒண்ணு இருக்கு. நோயும் கூடவே போகும். 2023 ஆரம்பத்துல முதுமலைல காட்டுப்பன்னிங்க வரிசையா செத்து விழுந்தப்போ அது ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல்னு உறுதியாச்சு, அந்த நோய்க்கு மருந்து கெடையாது. எங்க புடிச்சது, எங்க விட்டது, என்ன ஆச்சுன்னு எழுதி வெக்காம கூண்டு மட்டும் வெச்சா தொல்லை எடம் மாறும், அவ்வளவுதான்.

சட்டப்படி ஒரு வழி இருந்தாலும் அது நேரத்துக்கு கிடைக்காதப்போ ஜனங்க என்ன பண்றாங்கங்கறதுதான் இந்த விசயத்துலயே எனக்கு ரொம்ப வலிக்கற எடம். மாமா ஒரு தடவை நஷ்டஈடுக்கு எழுதிப் போட்டு, போட்டோ, சிட்டா, அடங்கல் எல்லாம் குடுத்து மூணு தடவை அலைஞ்சு விட்டுட்டார், பக்கத்துல குத்தகைக்கு ஓட்டுற அண்ணன் எழுதிக்கூட போடல, அவர் பேர்ல பட்டா இல்ல. அப்படி விட்டுப்போன எடத்துலதான் அவுட்டுக்காய் வருது. பழத்துக்குள்ளயோ மாவு உருண்டைக்குள்ளயோ வெடிமருந்தும் கூழாங்கல்லும் வெச்சு கட்டுறது, கடிச்சா வாயோட வெடிக்கும். அது ஒடனே கொல்லாது. தாடை பிஞ்சு நாக்கு கிழிஞ்சு, திங்கவும் முடியாம குடிக்கவும் முடியாம நாள் கணக்குல அலைஞ்சு சாகும். 2020 மே மாசம் பாலக்காடு பக்கம் ஒரு சினை யானை அப்படித்தான் செத்துச்சு, பன்னிக்கு வெச்ச வெடியை அது கடிச்சிருச்சு, ரணமான வாயையும் தும்பிக்கையையும் வெள்ளியாறு தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு நின்னபடியே போச்சு. 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் பன்னிக்குன்னு திருட்டுத்தனமா கரண்ட் இழுத்துவிட்ட கம்பில மாட்டி மூணு யானை செத்துச்சு, கூட வந்த ரெண்டு குட்டிங்க மட்டும் பொழைச்சுது, விடிஞ்ச பிறகும் அதுங்க அந்த எடத்தை விட்டு போகாம சுத்திக்கிட்டு இருந்ததை பாத்தவங்க மறந்திருக்க முடியாது. கிளட்ச் வயர்ல போடுற சுருக்குல சிறுத்தை மாட்டறதும், கரண்ட் வேலில மனுசனே சாகறதும் வருசா வருசம் நடக்குது.

வேட்டை அறம்னு பேசும்போது அதனாலதான் நான் கொல்லலாமாங்கறதோட நிறுத்த மாட்டேன். எப்படி சாகுது, வேற எது சாகுது, யார் கண் முன்னாடி யார் பொறுப்புல சாகுதுங்கறதும் அறம்தான். பயிற்சி எடுத்த ஒருத்தர் பக்கத்துல இருந்து ஒரே குண்டுல சாய்க்கிறதுக்கும் அவுட்டுக்காய்க்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. எந்த உயிரையும் கொல்லக்கூடாதுன்னு மனசார நம்பறவங்களை நான் மதிக்கிறேன், எங்க அத்தையே அப்படித்தான், ஆனா அந்த நம்பிக்கைக்கான வெலையை ரெண்டு ஏக்கரா வெச்சிருக்குறவன் மட்டும் குடுக்கணும்னு சொல்றது நியாயம் இல்ல. காட்டு மிருகம் எல்லாருக்கும் சொத்துன்னா அதால வர்ற நட்டமும் எல்லாரோடதும்தான். இன்னொரு பக்கம் பழங்குடி மக்களையும் நினைக்கணும், தலைமுறை தலைமுறையா அளவோட வேட்டையாடி சாப்பிட்டவங்க, 2006 வன உரிமைச் சட்டம் அவங்களுக்கு பல உரிமை குடுத்தப்பவும் வேட்டையை மட்டும் வெளிப்படையா விலக்கி வெச்சுது. பன்னியை எப்படி புடிக்கணும், எந்த வழியா வரும்னு நல்லா தெரிஞ்ச அவங்களை கொள்கை போடற எடத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சு கேட்டா என்ன குறைஞ்சுரும்னு எனக்கு தோணிக்கிட்டே இருக்கு.

எது தொல்லை விலங்குங்கறது காலத்துக்கு காலம் மாறும்ங்கறதுக்கு நம்ம நீலகிரியே சாட்சி. வேட்டைக்கு சட்டம் போடறது இங்க புதுசு இல்ல, 1879லயே நீலகிரிக்குன்னு தனியா வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. வெள்ளைக்காரங்க சுடறதுக்கு வரையாடும் கடமானும் மிச்சம் இருக்கணும், அதுதான் நோக்கம். அதே கூட்டம் செந்நாயை கொன்னா வெகுமதி குடுத்துச்சு, ஏன்னா அது அவங்க சுட வேண்டிய மானை தின்னுது. பல பத்து வருசம் விஷம் வெச்சும் சுட்டும் கொன்னாங்க. இன்னைக்கு செந்நாய் உலக அளவுல அழியற நெலமைல இருக்குற மிருகம்னு பட்டியல்ல இருக்கு, முதல் அட்டவணை பாதுகாப்பு இருக்கு, பன்னிக்குட்டியையும் மானையும் இயற்கையா கட்டுக்குள்ள வெக்கிறதுல அதுக்கு பெரிய பங்குன்னு நாம இப்ப சொல்றோம். வரையாடு நெலமை பரவால்ல, தமிழ்நாட்டுல 2024 கணக்கெடுப்புல 1,031, அடுத்த வருசம் 1,303ன்னு வந்துச்சு. ஒரு மிருகத்தை வேண்டாதது லிஸ்ட்ல சேக்கறதுக்கு முன்னாடி இந்த செந்நாய் கதையை ஒரு தடவை நினைச்சுப் பாக்கணும்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கறேன்.

கணக்கெடுப்புன்னு சொன்னேன்ல, பன்னில அதுவே கஷ்டம். புலியை கேமரால புடிச்சா உடம்புல இருக்குற கோடு ஒவ்வொண்ணுக்கும் வேற வேற, கைரேகை மாதிரி, அதை வெச்சு எத்தனைன்னு சொல்லிரலாம். பன்னி எல்லாம் ஒரே கருப்பு, ஒரே பன்னி பத்து தடவை நடந்து போச்சா பத்து பன்னி போச்சான்னு தெரியாது. நேர்கோட்டுல நடந்து பாத்தது எத்தனை, எவ்வளவு தூரத்துலன்னு எழுதி கணக்கு போடலாம், சாணம், மண் கெளறுன தடம் எண்ணலாம், எல்லாமே தோராயம்தான். அதனால பன்னி விசயத்துல எத்தனை சுட்டோம்ங்கற நம்பரை வெச்சு வெற்றின்னு சொல்ல முடியாது. எத்தனை ஏக்கரா நாசம் ஆச்சு, போன வருசம் இதே மாசம் எவ்வளவு, எந்த பயிர், எந்த மூலை வழியா வந்துச்சுங்கறதைத்தான் எண்ணணும். அதை எண்ண விஞ்ஞானி வேண்டியதில்ல, விவசாயியே போதும்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். முதல்ல "எழுதி வெச்சா பன்னி வராதா"ன்னார். ஏற்கனவே அவர் எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, பழைய சேலையை சுத்திக் கட்டினார், சலூன்ல இருந்து முடி வாங்கியாந்து வரப்புல தூவினார், பரண் போட்டு டார்ச் அடிச்சு டப்பா தட்டினார், எல்லாமே பத்து பதினஞ்சு நாளைக்கு வேலை செய்யும், அப்புறம் பன்னிக்கு பழகிப்போயிரும். கடைசியா பக்கத்து தோட்டத்துக்காரங்க நாலு பேர் சேந்து முறைப்படி பதிவு பண்ணி சோலார் வேலி போட்டாங்க, ஒருத்தர் மட்டும் போட்டா பன்னி அடுத்தவர் தோட்டத்துல பூந்துரும், சேந்து போட்டாத்தான் செலவும் கொறையும். இது ஈபி கரண்ட் மாதிரி புடிச்சு இழுக்காது, விட்டு விட்டு ஒரு அடி அடிக்கும், மிருகம் பயந்து பின்வாங்கும், சாகாது. யானைக்கு போடுற மாதிரி மேல கம்பி இழுத்தா பன்னி கீழ நுழைஞ்சு போயிரும், அதோட மூக்கு மட்டத்துல, தரையில இருந்து ஒரு அடிக்குள்ள முதல் கம்பி இருக்கணும், அது மேல புல்லு தொடக்கூடாது, தொட்டா கரண்ட் மண்ணுல எறங்கிரும். தோட்டத்தை ஒட்டி இருக்குற ஓடைல சீமைக்கருவேலத்தையும் ஒரு அம்பது அடிக்கு வெட்டி விட்டாங்க, பகல்ல படுக்க எடம் இல்லாம போகட்டும்னு.

இப்ப பம்பு செட் ரூம்ல மோட்டார் ஸ்விட்சுக்கு பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு ஆணில தொங்குது, பேனாவோட கயிறு கட்டி. தேதி, எந்த மூலை, எத்தனை வரிசை போச்சுன்னு மாமா எழுதறார், அவர் இல்லாத அன்னைக்கு அத்தை எழுதறாங்க. போன வாரம் போன்ல பேசும்போது சொன்னார், "வாய்க்கா மூலைல அருகம்புல்லு கீழ்க்கம்பியை தொட்டுருச்சு மாப்ள, ரெண்டு உள்ள வந்துருச்சு, ஏழு வரிசை. எழுதிட்டேன். காலைல அருவா எடுத்துட்டுப் போய் செதுக்கி விட்டுட்டு வந்தேன், வரப்பு சுத்தி ஒரு ரவுண்டு பாத்துட்டுத்தான் காப்பியே குடிச்சேன்."